கைக்குழந்தை உள்ள வீட்டின் ரமழான்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

   

ரமழான் நெருங்கும் போதெல்லாம் அம்மாதத்தின் சிறப்புகளைப் பற்றிப் பேசுகிறோம். நோன்பின் கூலி, தராவீஹின் மாண்பு, லைலத்துல் கத்ரின் மகத்துவம் ஆகியவற்றைப் பற்றிப் பேசாத மிம்பர் இல்லை. ஆயினும் சிறு குழந்தைகள் உள்ள ஒரு வீட்டில் அந்த முப்பது நாட்களும் எவ்வாறு கழிகின்றன, அவற்றின் சுமை யாருடைய தோளில் இறங்குகின்றது என்பதைப் பற்றி நாம் பேசுவது அரிது. இன்றைய உரையை அதற்கென ஒதுக்கிக்கொள்ள விரும்புகிறேன். பிறருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னர் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுவது நேர்மையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மலையகத்தின் சிறுநகர் ஒன்றின் பள்ளிவாசலில் நான் பணியாற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் மூத்த மகனுக்கு அப்பொழுது மூன்று வயது. இளைய மகளுக்கு ஐந்து மாதம். ரமழானின் முதற் பத்தில் ஒருநாள் தராவீஹ் முடிந்து, பயானும் செய்து, வந்தவர்களுடன் ஸலாம் சொல்லிப் பேசிவிட்டு இரவு பதினொரு மணியளவில் வீடு திரும்பினேன். மழைத்தூறலும் குளிரும் நிறைந்த இரவு. குசினியில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மனைவி இடுப்பில் குழந்தையுடன் நின்றபடியே நோன்புக் கஞ்சியை ஒரு கையால் அருந்திக்கொண்டிருந்தார். மஃரிபுக்குப் பேரீத்தம்பழம் ஒன்றும் தண்ணீரும் அருந்தியவர், அதன்பின் அப்பொழுதுதான் உணவில் கை வைத்திருக்கிறார். கஞ்சி ஆறி ஆடை படிந்திருந்தது.

"இன்று பள்ளியில் எதைப் பற்றிப் பயான் செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"குடும்பத்தார் மீது இரக்கம் காட்டுவதைப் பற்றி" என்றேன்.

அவர் பதில் எதுவும் சொல்லவில்லை. குழந்தையை என் கையில் தந்துவிட்டு அமர்ந்து உண்ணத் தொடங்கினார். சற்று நேரம் கழித்து, "நோன்பு தொடங்கி எட்டு நாட்கள் ஆகிவிட்டன. நான் குர்ஆனில் இரண்டு பக்கங்கள்கூட ஓதவில்லை. தராவீஹும் ஒழுங்காகத் தொழக் கிடைக்கவில்லை. இந்த மாதத்தில் எனக்கு ஏதேனும் கிடைக்குமா?" என்று கேட்டார்.

அரபுக் கல்லூரியில் ஏழு ஆண்டுகள் ஓதிப் பட்டம் பெற்ற எனக்கு அக்கேள்விக்கு உடனே பதில் சொல்ல நா எழவில்லை. பதில் நான் ஓதிய கிதாபுகளில் இருந்தது. ஆனால் அதை என் வீட்டு வாசற்படியைக் கடந்து உள்ளே கொண்டுவந்திருக்கவில்லை.

நேயர்களே! இக்கேள்வி என் மனைவியுடையது மட்டுமன்று. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா என இம்மலைநாட்டு நகரங்கள் ஒவ்வொன்றிலும் கைக்குழந்தையுடன் ரமழானைக் கடத்தும் தாய்மார் பலரின் உள்ளத்தில் இக்கேள்வி உண்டு. அவர்களுடைய ஒரு நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள்.

தலைப்பிறை அறிவித்தல் வானொலியில் வந்ததும் வீடெங்கும் மகிழ்ச்சி பரவுகின்றது. பிள்ளைகள் துள்ளுகின்றனர். ஆண்கள் தராவீஹுக்குப் புறப்படுகின்றனர். தாயின் எண்ணம் அன்றிரவு ஸஹருக்கு என்ன ஆக்குவது என்பதிலேயே நிற்கின்றது. அதிகாலை மூன்றரை மணிக்கு, தண்ணீரில் கை வைக்க முடியாத குளிரில் அவரே முதலில் எழுகின்றார். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேல் அமைந்துள்ள நுவரெலியாவில் அந்நேரத்துக் குளிர் எத்தகையது என்பதை அங்கு வாழ்வோர் அறிவர். சோறு சூடாக்கி, தேநீர் ஊற்றி, எல்லோரையும் எழுப்பும்போது குழந்தையும் விழித்துக்கொள்கிறது. மற்றவர்கள் உண்டு முடிக்கும் வரை அவர் குழந்தையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். தமக்கெனக் கோப்பையை எடுக்கும்போது பாங்கு ஒலிக்க ஐந்து நிமிடங்களே எஞ்சியிருக்கின்றன.

சுப்ஹுக்குப் பின் மற்றவர்கள் சற்று உறங்குகின்றனர். குழந்தை உறங்குவதில்லை. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு கால விடுமுறை உண்டு. ஆயின் மலையகத்தில் எம் பிள்ளைகளில் பலர் ஊரிலுள்ள ஏனைய தமிழ்ப் பாடசாலைகளிலேயே கற்கின்றனர். அவர்களுக்கு ரமழானும் வழமையான பாடசாலை நாட்களே. எனவே காலை ஆறு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும், சப்பாத்து மாட்டிவிட வேண்டும். பாடசாலை விடுமுறையாயின் அப்பிள்ளைகள் நாள் முழுவதும் வீட்டில் இருப்பர். எப்படியாயினும் வேலை தாய்க்கே. அஸருக்குப் பின் கஞ்சி, சமோசா, கட்லட் என்று குசினியில் தீ மூட்டினால் மஃரிப் வரை அடுப்பை விட்டு நகர முடியாது. சின்னஞ்சிறு குழந்தைகள் அழுது அடம்பிடிப்பதும் பெரும்பாலும் அந்த அந்திப் பொழுதிலேயே. பள்ளிவாசலில் பாங்கு ஒலிக்கும் வேளையில் நம்மில் எத்தனை வீடுகளில் தாய் ஒரு கையில் குழந்தையுடன் நின்றுகொண்டே நோன்பு திறக்கிறார்!

இப்படி முப்பது நாட்களைக் கழிக்கும் ஒரு பெண், "எனக்கு ஏதேனும் கிடைக்குமா?" என்று கேட்டால், மார்க்கம் அவருக்கு என்ன பதிலை வைத்திருக்கிறது?

அன்புக்குரியவர்களே! பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்தில் நடந்த ஒரு பயணத்தை அனஸ் (ரழி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வெப்பம் மிகுந்த நாள். தோழர்களில் சிலர் நோன்பு நோற்றிருந்தனர், சிலர் பயணிகளுக்குரிய சலுகைப்படி நோன்பை விட்டிருந்தனர். ஓரிடத்தில் தங்கியபோது நோன்பாளிகள் களைத்துச் சாய்ந்துவிட்டனர். நோன்பு நோற்காதவர்கள் எழுந்து கூடாரங்களை அமைத்தார்கள், வாகனப் பிராணிகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். அதனைக் கண்ட நபியவர்கள், அன்றைய தினத்தின் நற்கூலியை நோன்பு நோற்காத அவர்களே கொண்டுசென்றுவிட்டனர் என்ற கருத்தில் நவின்றார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இதனை ஆழ்ந்து சிந்தியுங்கள். நோன்பாளிகளின் கூலி குறைந்துவிட்டது என்று நபியவர்கள் கூறவில்லை. ஆனால் பிறருடைய வணக்கத்தைச் சாத்தியமாக்கிய கைகள் அல்லாஹ்விடத்தில் எவ்வளவு மதிப்புப் பெறுகின்றன என்பதைக் காட்டிவிட்டார்கள். நம் வீடுகளில் கூடாரம் அமைப்பவர் யார்? தண்ணீர் சுமப்பவர் யார்? ஒரு வீட்டில் ஐவர் தராவீஹ் தொழுகின்றனர் என்றால், அந்த ஐவருக்கும் அந்த நேரத்தை ஒழித்துக் கொடுத்தவர் குழந்தையுடன் வீட்டில் இருந்த ஆறாமவர் அல்லவா?

ஆகவே அத்தாய்க்கான முதற்பதில் இதுதான்: சகோதரியே, உங்கள் ரமழான் வீணாகிவிடவில்லை. நிய்யத்துடன் நீங்கள் ஆக்கிய ஒவ்வொரு கோப்பைக் கஞ்சியும், பாலூட்டிய ஒவ்வொரு பொழுதும் இபாதத்தே. கையில் பிள்ளை இருக்கும்போது நாவு சும்மாதானே இருக்கிறது. அடுப்படியில் நின்று தஸ்பீஹ் சொல்லுங்கள், ஸலவாத் சொல்லுங்கள், மனனமான சிறிய சூராக்களைக் குழந்தைக்குத் தாலாட்டாக ஓதுங்கள். அல்லாஹ் உங்கள் நிலையை அறிந்தவன்.

ஆனால் உரையை இத்துடன் முடித்துவிட்டால் அது அநீதியாகும். தாய்மாருக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, சுமையை அவர்கள் தலையிலேயே விட்டுச் செல்வது நம்முடைய நீண்டகால வழக்கம். கூடாரம் அமைப்பதில் கூலி இருக்கிறது என்று நபியவர்கள் காட்டியிருக்க, அக்கூலியில் நமக்கும் பங்கு வேண்டாமா?

ஆயிஷா (ரழி) அவர்களிடம், நபியவர்கள் வீட்டில் இருக்கும்போது என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டது. வீட்டாருக்குப் பணிவிடை செய்துகொண்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்பட்டுச் செல்வார்கள் என்று அன்னை விடையளித்தார்கள். தம் ஆடையைத் தாமே தைத்ததாகவும் செருப்பைத் தாமே செப்பனிட்டதாகவும் வேறு அறிவிப்புகள் உள்ளன. அவர்கள் ஒரு சமுதாயத்தின் தலைவர், நீதிபதி, படைத்தளபதி. நம்மில் எவருடைய அலுவல் அதனினும் பெரிது?

எம் மலையக முஸ்லிம்களில் பெரும்பாலோர் வர்த்தகர்கள், அல்லது கடைகளில் வேலை செய்வோர். தோட்டத்தில் சம்பளம் போட்டதன் பின் வரும் ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் எத்தகைய நெரிசல் இருக்கும் என்பதை நான் அறிவேன். நோன்புடன் நாள் முழுவதும் நின்று வியாபாரம் செய்யும் சகோதரரின் களைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் கடை இரவில் மூடப்படுகிறது. குழந்தை உள்ள குசினி மூடப்படுவதில்லை. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் கொண்டால் போதும்.

இங்கு நம்மைச் சூழ்ந்துள்ள தேயிலை மலைகளிலிருந்தும் ஒரு படிப்பினை பெறலாம். இந்நாட்டில் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரவில் வர்த்தக ரீதியான தேயிலைச் செய்கையை ஆரம்பித்தது முதல், கொழுந்து பறிக்கும் வேலையின் பெரும்பகுதி பெண்களின் கைகளிலேயே இருந்து வருகிறது. முதுகில் கூடையும் இடுப்பில் பிள்ளையுமாகச் செங்குத்தான மலையில் ஏறிக் கொழுந்தெடுக்க இயலாது. அதனாலேயே தோட்டங்களில் பிள்ளைக்காம்பராக்கள் உண்டாயின. அதிகாலையில் பிள்ளையை அங்கே ஒப்படைத்துவிட்டே தாய் மலைக்குப் போகிறாள். இன்று அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் என அழைக்கப்படுகின்றன. அதுமட்டுமன்று, 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தொழிலாளத் தாய்க்கு வேலை நேரத்தில் பாலூட்டுவதற்கென இரண்டு இடைவேளைகளை உரிமையாக்கியுள்ளன.

அந்த ஏற்பாடுகளில் குறைகள் பல இருக்கலாம். அது வேறு விடயம். ஆயினும் ஓர் உண்மையை அவை ஒப்புக்கொள்கின்றன: பிள்ளையை ஏந்த வேறொரு கை இல்லாவிட்டால் மலையில் வேலை நடவாது. இலாபத்தைக் கணக்கிடும் தோட்ட நிர்வாகம் விளங்கிக்கொண்ட இவ்வுண்மையை, நன்மையைக் கணக்கிடும் நாம் நம் வீடுகளில் விளங்கிக்கொள்ள வேண்டாமா? கொழுந்து பறிக்கும் தாய்க்குச் சட்டம் தந்த இடைவேளையை, நம் குசினியில் நிற்கும் தாய்க்கு யார் கொடுப்பது?

அடுத்து, பாலூட்டும் தாய்மாரின் நோன்பு பற்றிய மார்க்கச் சட்டத்தைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். இதைக் கூறுவதற்கு எனக்குத் தனிப்பட்ட காரணமும் உண்டு.

நான் மேலே குறிப்பிட்ட அந்த ரமழானில் என் மனைவி ஒரு நோன்பையும் விடாமல் நோற்றுவந்தார். இரண்டாம் பத்தில் பால் குறைந்தது. குழந்தை அந்திப் பொழுதில் ஓயாது அழுதது. நாங்கள் வயிற்றுவலி என்று எண்ணினோம். கிளினிக் நாளில் நிறுத்துப் பார்த்தபோது, பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டில் ஏறிக்கொண்டுவந்த கோடு ஏறாமல் நின்றிருந்தது. குடும்பநல மாது என் மனைவியிடம் கேட்ட முதற்கேள்வி, "நீங்கள் நோன்பா?" என்பது. இரண்டாவது கேள்வி, "உங்கள் மார்க்கத்தில் இதற்குச் சலுகை இல்லையா?" என்பது. மாற்று மதச் சகோதரி ஒருவர் அதனைக் கேட்கும் வரை, மௌலவியாகிய நான் என் வீட்டில் அச்சலுகையைப் பற்றி வாய் திறந்திருக்கவில்லை. சட்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. என் வீட்டுக்கு அது தேவைப்படும் என்பதை நான் கவனிக்கவில்லை. அந்தக் கவனக்குறைவுக்காக அல்லாஹ்விடம் பாவமன்னிப்புக் கோருகிறேன்.

சட்டம் இதுதான். நோன்பின் வசனத்திலேயே அல்லாஹ், தான் அடியார்களுக்கு இலகுவையே விரும்புவதாகவும் கஷ்டத்தை விரும்பவில்லை என்றும் அறிவிக்கிறான். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, கர்ப்பிணியோ பாலூட்டும் தாயோ நோன்பினால் தமக்குப் பாதிப்பு ஏற்படும் என்று அஞ்சினால் நோன்பை விடலாம். பின்னர் வசதியான நாட்களில் அதனைக் கழாச் செய்தால் போதும். தமக்கும் பிள்ளைக்கும் சேர்த்து அஞ்சினாலும் சட்டம் அதுவே. பிள்ளைக்காக மட்டும் அஞ்சி விட்டால், கழாவுடன் நாளொன்றுக்கு ஒரு முத்து, அதாவது சுமார் 600 கிராம் அரிசி, ஏழைகளுக்கு பித்யாவாகக் கொடுக்க வேண்டும். பாதிப்பு நிச்சயம் என்று தெரிந்தால் நோன்பை விடுவது வெறும் சலுகையாக நில்லாமல் கடமையாகவே ஆகிவிடுகிறது. ஐயம் உள்ளவர்கள் வைத்தியரிடமும் ஆலிமிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதனை நான் வற்புறுத்துவதற்கு நம் பிரதேசத்தின் நிலையும் ஒரு காரணம். 2016ஆம் ஆண்டில் நடத்தப்பட்ட குடித்தொகை மற்றும் சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் நூற்றுக்குச் சுமார் 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தனர். தோட்டப்புறங்களில் அது நூற்றுக்குச் சுமார் 32. அதாவது மூன்று பிள்ளைகளில் ஏறக்குறைய ஒரு பிள்ளை. நகரில் கடை வைத்து வாழ்வோரும் தோட்டத்தில் வாழ்வோரும் ஒரே குளிரிலும் ஒரே விலைவாசியிலும்தான் பிள்ளை வளர்க்கின்றனர். முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் ஒன்றே குழந்தைக்கு உணவு. குர்ஆனோ பாலூட்டலைப் பூர்த்தியாக்க விரும்புவோருக்கு இரண்டு முழு ஆண்டுகளைக் குறிப்பிடுகிறது. அதே வசனத்தில் அத்தாயின் உணவையும் உடையையும் தந்தையின் பொறுப்பாக்குகிறது. பால்குடி மறக்கச் செய்வதைக்கூடத் தாயும் தந்தையும் கலந்தாலோசித்து, மனமொப்பிச் செய்யும்படி வழிகாட்டுகிறது. ஒரு குழந்தையின் பாலைப் பற்றிப் பேசும்போதும் தந்தையை அல்லாஹ் வெளியே நிறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மாமிமாரே, மூத்த தாய்மாரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். "நாங்கள் எல்லாம் ஏழு பிள்ளைகளைப் பெற்றும் ஒரு நோன்பையும் விட்டதில்லை" என்று மருமகளிடம் சொல்லாதீர்கள். அல்லாஹ் தந்த சலுகையைப் பெறும் ஒரு பெண் வெட்கப்பட்டு ஒளிந்து உண்ணும் நிலை நம் வீடுகளில் இருக்கலாகாது.

இனிப் பள்ளிவாசல்களுக்கு வருவோம். தராவீஹில் ஒரு பிள்ளை ஓடினால், அழுதால், நாலாபுறமும் முகங்கள் சுழிக்கின்றன. ஸலாம் கொடுத்ததும் தந்தையை ஏசுவோரும் உண்டு. நபியவர்களின் பள்ளியில் நடந்ததைக் கேளுங்கள். தொழுகையை நீட்ட எண்ணி நிற்கும்போது ஒரு குழந்தையின் அழுகுரல் காதில் விழுந்தால், அதன் தாய் படும் வேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள். பேத்தி உமாமாவைச் சுமந்தவாறே தொழுவித்தார்கள். சுஜூதில் இருக்கும்போது பேரர் முதுகில் ஏறிக்கொள்ள, பின்னால் நின்ற தோழர்கள் ஏதோ நேர்ந்துவிட்டது என்று எண்ணும் அளவுக்கு அச்சுஜூதை நீட்டினார்கள். குழந்தையை அவசரப்படுத்தத் தாம் விரும்பவில்லை என்பதே அவர்கள் பின்னர் கூறிய காரணம். மிம்பரில் உரையாற்றிக்கொண்டிருந்தபோது ஹஸன், ஹுஸைன் (ரழி) இருவரும் தடுக்கித் தடுக்கி நடந்து வருவதைக் கண்டு, இறங்கிச் சென்று தூக்கிக்கொண்டார்கள். பிள்ளைகளைக் கட்டுப்பாடின்றி விட்டுவிடுங்கள் என்று நான் கூறவில்லை. தந்தை தம் பிள்ளையை அருகில் வைத்து ஒழுக்கம் பழக்க வேண்டும். ஆனால் இன்று பள்ளியிலிருந்து துரத்தப்படும் பிள்ளை, பதினெட்டு வயதில் தானாக உள்ளே வரும் என்று எதிர்பார்க்க முடியாது.

பிள்ளைகளின் நோன்பைப் பற்றியும் ஒரு சொல். ஆஷூரா நோன்பின்போது நபித்தோழியர் தம் சிறுவர்களையும் நோற்கச் செய்து, பசியால் அழுதால் கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கையில் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம் வரை ஆற்றினார்கள் என்று ருபைஃ (ரழி) அவர்கள் கூறியுள்ளார்கள். வணக்கத்தைப் பழக்குவதிலும் விளையாட்டுக்கு இடம் இருந்தது. ஏழு வயதளவில் ஆற்றலுக்கேற்ப மெல்லப் பழக்குங்கள். இன்று நண்பகல் வரை, நாளை அஸர் வரை என்று உற்சாகமூட்டுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளை முப்பதும் பிடித்தது என்று ஒப்பிட்டு, தலை சுற்றும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள்.

இளைஞர்களே! உங்களிடம்தான் நான் அதிகம் எதிர்பார்க்கிறேன். தராவீஹுக்குப் பின் வீதியோரத்தில் கூடிப் பேசியும், கரம் விளையாடியும், கைத்தொலைபேசியில் மூழ்கியும் ஸஹர் வரை விழித்திருக்கும் வலிமை உங்களுக்கு இருக்கிறது. அவ்வலிமையில் ஒரு மணித்தியாலத்தை உங்கள் உம்மாவுக்கு, மதினிக்கு, தாத்தாவுக்குக் கொடுங்கள். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே உலாவுங்கள். நோன்பு திறந்தபின் கோப்பைகளைக் கழுவி அடுக்குங்கள். பீலியிலிருந்து தண்ணீர் எடுக்க வேண்டிய வீடாயின் இரவிலேயே நிரப்பி வையுங்கள். பாத்திரம் கழுவுவதால் ஆண்மை குறைந்துவிடும் என்று எண்ணுபவர், செருப்புத் தைத்த நபியின் உம்மத்தில் தாம் இருப்பதை நினைவுகூரட்டும். நாளை நீங்களும் தந்தையாவீர்கள். திருமணம் முடித்த பின் திடீரென்று எவருக்கும் இப்பழக்கம் வந்துவிடாது.

அன்பார்ந்த பெற்றோர்களே! முப்பது நாட்களை எதிர்கொள்ள எங்கள் வீட்டில் நாங்கள் பின்னர் செய்துகொண்ட ஒழுங்குகள் சிலவற்றைச் சொல்கிறேன். பயனுள்ளவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, ஷஃபான் மாதத்தின் இறுதியிலேயே கணவனும் மனைவியும் அமர்ந்து பேசினோம். யார் எந்நேரத்தில் குழந்தையைப் பார்ப்பது, மனைவி எப்பொழுது ஓதுவது, எப்பொழுது உறங்குவது என்று நேரம் குறித்தோம். சுப்ஹுக்குப் பின் ஒரு மணித்தியாலம் பிள்ளைகள் என் பொறுப்பு. அந்நேரம் அவருடையது. ஓதுவதும் உறங்குவதும் அவர் விருப்பம்.

இரண்டாவது, இஃப்தாரின் பண்டங்களைக் குறைத்தோம். கஞ்சி, பழம், ஏதேனும் ஒரு பலகாரம். பொரித்தது நான்கு வகை இருந்தால்தான் நோன்பு திறக்கும் என்பது எந்தக் கிதாபிலும் இல்லை. பள்ளியில் காய்ச்சும் கஞ்சியை எடுத்துவருவது என் வேலையாயிற்று.

மூன்றாவது, பெருநாள் உடுப்பை ஷஃபானிலேயே வாங்கினோம். கடைசிப் பத்தின் இரவுகளில் கைக்குழந்தையைக் குளிரிலும் மழையிலும் கடைத்தெருவில் நள்ளிரவு வரை சுமந்து திரியும் காட்சி வருந்தத்தக்கது. லைலத்துல் கத்ரை எதிர்பார்க்கும் இரவுகள் சட்டைத்துணிக்குப் பேரம் பேசுவதில் கழிகின்றன. அடுத்தநாள் பிள்ளைக்குக் காய்ச்சல்.

நான்காவது, கடைசிப் பத்தின் ஒற்றை இரவுகளைப் பங்கிட்டுக்கொண்டோம். ஓரிரவு தராவீஹ் முடிந்ததும் நான் நேரே வீடு வந்து பிள்ளைகளை ஏற்றுக்கொள்ள, அவர் விரும்பிய அளவு நின்று வணங்கினார். மறு ஒற்றை இரவு எனக்கு. விடியும் வரை பள்ளியில் நிற்கும் பேறு எனக்குச் சற்றுக் குறைந்திருக்கலாம். ஆனால் வீட்டில் இருவர் அவ்விரவை அடைந்தோம்.

ஐந்தாவது, அந்த ஆண்டில் விடப்பட்ட நோன்புகளை நாட்குறிப்பில் எழுதி வைத்தோம். பிள்ளை வளர்ந்த பின் மனைவி கழாச் செய்த நாட்களில் ஸஹர் ஆக்கியது நான். மலையகத்து நோன்பு ஆண்டு முழுவதும் ஏறக்குறைய பதின்மூன்றரை மணித்தியாலந்தான். ஆகையால் எந்த மாதத்திலும் அதனை நிறைவேற்றலாம். தனித்து நோற்பதுதான் பாரம். ஒருவர் துணையிருந்தால் அது இலகுவாகும்.

நேயர்களே! அந்த ரமழானில் என் மகளின் கோடு மீண்டும் ஏறியது. மனைவி நோன்பை விட்டு, வேளைக்கு உண்டு, பால் கொடுத்தார். பெருநாளைக்குப் பின் வந்த கிளினிக் நாளில் நானே பிள்ளையைத் தூக்கிச் சென்றேன். தாய்மார் நிறைந்திருந்த வரிசையில் தந்தையாக நான் ஒருவன் மட்டுமே நின்றேன். குடும்பநல மாது பதிவேட்டில் புள்ளி வைத்துவிட்டுச் சிரித்தார். அல்ஹம்து லில்லாஹ்.

என் மனைவி அன்றிரவு கேட்ட கேள்விக்கு இன்று நான் சொல்லும் பதில் இதுதான்: அவருக்குக் கிடைக்குமா என்பதில் ஐயமில்லை, இன்ஷா அல்லாஹ். ஐயம் என்னைப் பற்றியதே. அவர் நின்றுகொண்டு ஆறிய கஞ்சி அருந்திய அந்த எட்டு இரவுகளில், இரக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்த எனக்கு என்ன கிடைத்திருக்கும்? இக்கேள்வியை ஒவ்வொரு தந்தையும் தம்மிடம் கேட்டுக்கொண்டு அடுத்த தலைப்பிறையை எதிர்கொள்வாராக.

யா அல்லாஹ்! எங்கள் மனைவியரையும் மக்களையும் எங்கள் கண்களுக்குக் குளிர்ச்சியாக்குவாயாக! பாலூட்டும் தாய்மாருக்கு ஆரோக்கியத்தையும் மனநிறைவையும் தருவாயாக! எங்கள் குழந்தைகளை உடலாலும் உள்ளத்தாலும் நல்லவர்களாக வளர்ப்பாயாக! மலையிலும் லயத்திலும் கடையிலும் வீட்டிலும் உழைக்கும் எல்லாத் தாய்மாரின் பாரத்தையும் இலகுவாக்குவாயாக! பேசுவதைச் செயலாற்றும் நற்பேற்றை எங்களுக்கு அருள்வாயாக! ஆமீன்.